கை மறந்துபோகவில்லை: பூ வரைந்து சித்திரத்துக்குத் திரும்புபவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சாதாரண தரப் பரீட்சைக்குச் சித்திரப் பாடம் எடுத்தவள் நான். பரீட்சை முடிந்த கையோடு வர்ணப் பெட்டி அலுமாரிக்குள் போய்விட்டது. 26 வருடங்களுக்குப் பிறகு அதை வெளியே எடுக்க வைத்தது முற்றத்தில் நின்ற சிவப்புச் செவ்வரத்தை. ஒரு பின்னேரம் முழுக்க இருந்து வரைந்தேன். மகள் எட்டிப் பார்த்துவிட்டு, "தக்காளியோ அம்மா?" என்று கேட்டாள்.

கை மறந்துவிட்டது என்று முடிவுகட்டிப் பெட்டியை மூடினேன். அது அவசர முடிவு. நான் பாவித்த கடதாசிக் கட்டு வெளிநாட்டிலிருந்து வந்த சித்தப்பா எப்போதோ தந்தது. ஐந்தாறு மாரி ஈரச் சுவரோடு ஒட்டிக் கிடந்து பழுதாகியிருந்தது. பிழை கடதாசியில், பழி கையில். இப்போது சனிக்கிழமைகளில் எங்கள் விறாந்தையில் நாலைந்து பேர் கூடி வரைகிறோம். எல்லோரும் பள்ளிக்கூடத்தோடு விட்டவர்கள். புதிதாக வரும் ஒவ்வொருவரும் முதல் நாளே "எனக்குக் கை வராது" என்கிறார்கள். கிளறிப் பார்த்தால் பத்தில் எட்டுத் தடவை பிழை தண்ணீரில், கடதாசியில், நிறத்தில், அல்லது நேரத்தில் இருக்கிறது.

கீழே வருவது ஒரே ஒரு வகைச் சித்திரத்துக்கானது: நீர்வர்ணத்தில் பூ. பென்சில் கோடு இல்லை. இதழை எண்ணி வரைவதில்லை. நிறத்தை ஈரமாக வைத்து, அது ஓடும் ஓட்டத்தில் பூவைப் பிடிப்பது. பல வருடம் விட்டவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. மூக்கு கோணிவிட்டால் முகம் கெட்டுவிடும். இதழ் கோணினால் செவ்வரத்தை ஒன்றும் கோபிக்காது. உங்களுடைய அறிகுறியைத் தேடிப் போய் அதை மட்டும் வாசித்தால் போதும்.

அறிகுறி: கடதாசிக்கு முன்னால் இருந்தால் கை ஓடவில்லை

கடதாசி பெரிது, தூரிகை சின்னது. அநேகமாக இவ்வளவுதான். ஏ4 அளவுக் கடதாசியை நான்காக வெட்டுங்கள். ஒரு துண்டுக்கு ஒரு பூ, ஒரு பூவுக்குப் பத்து நிமிடம். நான்கில் மூன்று பழுதாகும், அதற்காகத்தான் நான்கு. தூரிகையை 3ஆம் இலக்கத்திலிருந்து 10 அல்லது 12க்கு மாற்றுங்கள். ஈர்க்கு மாதிரித் தூரிகை கையில் இருந்தால் மனம் தானாகவே நரம்பு வரையப் போய்விடும். பெரிய தூரிகையால் ஓர் இதழை ஒரே அழுத்தில் வைக்கலாம்: நுனியைத் தொட்டு, வயிற்றை அழுத்தி, தூக்கிவிட வேண்டியதுதான்.

சின்ன அளவு சிறுபிள்ளை வேலை என்று யாராவது சொன்னால் எடுவார் மனேயைக் காட்டுங்கள். 1883இல் இறந்த அந்தப் பிரெஞ்சு ஓவியர், நோய் முற்றிப் பெரிய படங்களோடு மல்லுக்கட்ட முடியாமல் போன கடைசிக் காலத்தில், பார்க்க வந்தவர்கள் கொண்டுவந்த பூக்களைக் கண்ணாடிக் குவளையில் வைத்துச் சின்னச் சின்ன எண்ணெய் வர்ணப் படங்களாக வரைந்துகொண்டிருந்தார். குவளைத் தண்ணீருக்குள் தெரியும் தண்டுகளை அவர் சில அழுத்தில் முடித்திருப்பதைப் பார்த்தால் போதும், கை ஓடத் தொடங்கும்.

அறிகுறி: நிறம் சேறாகிறது

எங்கள் விறாந்தையில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். சேறு எங்கே பிறக்கிறது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டியிலுள்ள ஒவ்வொரு நிறத்தையும் ஒரு துண்டுக் கடதாசியில் தனித்தனியே பூசிக் காயவிடுங்கள். தனியே பளிச்சென்று இருந்து, கலந்தால் மட்டும் மங்கினால் கலவையில் பிழை. தனியாகவே மங்கல் என்றால் நிறத்தில் அல்லது தண்ணீரில் பிழை. இரண்டும் சரி, கடதாசியில் வைத்த பிறகுதான் கெடுகிறது என்றால் குற்றவாளி உங்கள் பொறுமையின்மை.

கலவைப் பிழைக்கு நல்ல உதாரணம் போகன்வில்லா. மதிலுக்கு மேலால் வழிகிற அந்த மஜெந்தா நிறத்தைச் சிவப்பும் நீலமும் கலந்து எடுக்கலாம் என்று நம்பி எத்தனை கடதாசியை வீணாக்கினேன்! சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று பள்ளிக்கூடத்தில் படித்தது பொய்யில்லை, ஆனால் எந்தச் சிவப்பு என்று யாரும் சொல்லவில்லை. மலிவான பெட்டியில் இருக்கும் சிவப்பு அநேகமாகச் செம்மஞ்சள் பக்கம் சாய்ந்தது. அதற்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது. நீலத்தைச் சேர்த்தவுடன் மஞ்சள், சிவப்பு, நீலம் மூன்றும் ஒரே சட்டிக்குள் வந்துவிடும், கபில நிறம் பிறக்கும். போகன்வில்லாவுக்கு வேண்டியது நீலப் பக்கம் சாய்ந்த ரோஸ்.

ரியூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில், உள்ளே இருக்கும் நிறப்பொருள் எது என்று சொல்லும் ஒரு குறியீடு இருக்கும். பிவி 19 என்றால் குயினாக்ரிடோன் ரோஸ் அல்லது ஊதா. பிஆர் 122 என்றால் குயினாக்ரிடோன் மஜெந்தா. முன்பக்கப் பெயர் கொம்பனிக்குக் கொம்பனி மாறும், பின்பக்கக் குறியீடு மாறாது. ஒரே ரியூபில் மூன்று குறியீடு இருந்தால் அது ஏற்கெனவே கலந்த நிறம். அதோடு இன்னும் இரண்டைக் கலந்தால் சேறுதான். என்னுடைய தட்டில் நான்கே நிறம்: எலுமிச்சை மஞ்சள், குயினாக்ரிடோன் ரோஸ், அல்ட்ராமரின் நீலம், செவ்வரத்தைக்கென்று ஒரு பைரோல் சிவப்பு. 24 நிறப் பெட்டி வாங்கும் காசில் இந்த நான்கை நல்லதாக வாங்கலாம்.

கடதாசியில் பிறக்கும் சேற்றுக்குக் காரணம் தடவுவது. ஈரத்தில் நிறத்தை வைத்தால் கையை எடுத்துவிட வேண்டும். இரண்டாவது தடவை தொடலாம். மூன்றாவது தடவை தொட்டால் அது திருத்தம் இல்லை, கிண்டுவது. பூவரசம் பூவில் இதை நன்றாகப் பழகலாம். இதழ் எலுமிச்சை மஞ்சள், தொண்டையில் கடுஞ்சிவப்புப் பொட்டு. மஞ்சள் ஓடிக்கொண்டிருக்கும்போது பொட்டை வைத்தால் பூ முழுக்கக் கபிலமாகும். பளபளப்பு மறைந்து, தொட்டால் குளிராக இருக்கும் நிலையில் வைத்தால் பொட்டின் ஓரம் மட்டும் மெதுவாகக் கரையும். அந்தக் கரைதலுக்காகத்தான் இவ்வளவு பாடும்.

தண்ணீருக்கு இரண்டு போத்தல் வையுங்கள்: ஒன்று தூரிகை கழுவ, மற்றது கலக்க. கழுவுகிற தண்ணீரில் கலக்காதீர்கள். இன்னொன்று, இது எங்கள் ஊருக்கே உரியது. யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படலத்தைப் பாருங்கள், அதே தண்ணீரில்தான் நிறமும் கரைகிறது. சுண்ணாம்பு கூடிய தண்ணீரில் அல்ட்ராமரின் போன்ற நிறங்களின் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு மணல் மணலாகப் படியும். சிலருக்கு அது பிடிக்கும். மல்லிகை நிழலில் எனக்குப் பிடிக்காது. மாரியில் கூரைத் தண்ணீரைச் சீலையால் வடித்து இரண்டு மூன்று போத்தல் எடுத்து வைக்கிறேன், சின்னப் படங்களுக்கு அது நெடுநாள் வரும்.

அறிகுறி: ஈரமாக இருக்கும்போது அழகு, காய்ந்ததும் வெளிறல்

நீர்வர்ணம் காயும்போது ஒரு படி வெளிறும். அது அதன் சுபாவம். அதைக் கணக்கில் எடுத்து ஒரு படி கூடுதலாக வையுங்கள். எவ்வளவு தடிப்பு என்பதை நான் இப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்: முதல் பூச்சு வெறும் தேத்தண்ணி, இரண்டாவது பால், கடைசியாக வைக்கும் கடும் நிறம் பனம்பாணி. பலர் மூன்று தடவையும் தேத்தண்ணியே ஊற்றுகிறார்கள்.

அறிகுறி: இரண்டாவது நிறம் வைக்க முன் முதலாவது காய்ந்துவிடுகிறது

சித்திரை, வைகாசியில் நடப்பது. சோளகக் காற்று எழுந்துவிட்டால் இன்னும் மோசம். விறாந்தையில் ஓர் இதழை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் ஓரம் கோடு கட்டிவிடும். கை மெதுவாகிவிட்டது என்று வருந்தாதீர்கள்.

கடதாசியின் இரண்டு பக்கத்தையும் நனையுங்கள். ஒரு பழைய கண்ணாடித் துண்டில் அல்லது பிளாஸ்ரிக் பலகையில் முதுகுப் பக்கம் படும்படி ஒட்டிவிட்டால், அடியிலிருக்கும் ஈரம் மேல்பக்கத்தைப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடித்து வைத்திருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்வை ஓடினாலும் பரவாயில்லை. காலை ஏழு மணிக்கு முதல் தொடங்கினால் செவ்வரத்தையும் அப்போதுதான் விரிந்திருக்கும், வெயிலும் ஏறியிராது.

அறிகுறி: காயவே மாட்டேன் என்கிறது, நடுவில் பூக்கோவா மாதிரிக் கறை

இது கார்த்திகை மாத நோய். மேலே சொன்னதற்கு நேர் எதிர். அரைவாசி காய்ந்த இடத்துக்குள் கூடுதல் தண்ணீர் உள்ள தூரிகை போனால், புதுத் தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விட்டுவிடும். ஓரம் பூக்கோவா மாதிரிச் சுருள்வது அதனால்தான். விதி ஒன்றுதான்: கடதாசியில் இருக்கும் ஈரத்தைவிடத் தூரிகையில் ஈரம் குறைவாக இருக்க வேண்டும். கழுவிய தூரிகையைப் பழைய துவாயில் ஒரு தடவை ஒற்றிவிட்டு நிறத்தைத் தொடுங்கள்.

வந்துவிட்ட கறையைத் துடைக்கப் போகாதீர்கள், பெரிதாகும். முழுவதும் காயவிட்டுப் பாருங்கள். பாதிக்குப் பாதி அது இதழின் சுருக்கம் போலவே இருக்கும். என்னுடைய படங்களில் ஆட்கள் பாராட்டிய இரண்டு மூன்று இடம் இப்படித் தற்செயலாய் வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அறிகுறி: கடதாசி அங்கங்கே நிறத்தை உறிஞ்சிப் புள்ளி புள்ளியாகிறது

என் தக்காளிக்குக் காரணம் இது. நீர்வர்ணக் கடதாசியில் ஜெலற்றின் போன்ற ஒரு பசை ஊட்டப்பட்டிருக்கும். நிறம் உள்ளே போகாமல் மேலே நின்று ஓடுவது அந்தப் பசையால்தான். ஈரமும் பூஞ்சணமும் அதைத் தின்றுவிட்டால் கடதாசி ஒற்றுத்தாளாகிவிடும். ஓரத்தில் ஒரு துளி தண்ணீர் விட்டுப் பாருங்கள். துளி உருண்டு நின்றால் நல்லது. உடனே உள்ளே இறங்கிக் கரும்புள்ளியானால் அந்தக் கட்டு முழுவதையும் பென்சில் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். திருப்பிச் சரிசெய்ய முயன்று நேரம் வீணாக்க வேண்டாம். புதுக் கடதாசியைப் பிளாஸ்ரிக் உறையில் போட்டு, சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டைச் சேர்த்து, சுவரில் முட்டாமல் வையுங்கள்.

பிறிஸ்ரல் போட்டில் வரைந்து பார்த்துவிட்டு வருபவர்களும் உண்டு. வழவழப்பான அந்த மட்டையில் நிறம் வழுக்கும், உலர்ந்தால் நெளியும். சித்திரக் கொப்பித் தாளும் அப்படியே. 300 ஜிஎஸ்எம் கடதாசிதான், அதாவது ஒரு சதுர மீற்றர் 300 கிராம் நிறையுள்ள தடித்த தாள்தான், ஈரத்தைத் தாங்கும். பருத்தியால் செய்தது விலை கூட, ஆனால் தூரிகையைவிட, நிறத்தைவிட, முதலில் காசைப் போட வேண்டிய இடம் அதுதான் என்பேன். ஒரு பெரிய தாளை வாங்கிப் பதினாறாக வெட்டினால் அவ்வளவு வலிக்காது.

அறிகுறி: சிவப்புச் செவ்வரத்தை பிளாஸ்ரிக் பூ மாதிரி இருக்கிறது

பைரோல் சிவப்பை ரியூபிலிருந்து நேரே எடுத்து ஐந்து இதழையும் ஒரே தடிப்பில் நிரப்பியிருப்பீர்கள். பூவைத் திரும்பப் பாருங்கள். வெளிச்சம் படும் இதழ் ரோஸ் பக்கம் போகும். வெளிச்சம் ஊடுருவும் இதழ் செம்மஞ்சளாக எரியும். தொண்டைக்குள் கடும் மரூன். ஒரு பூவில் மூன்று சிவப்பாவது இருக்கும். மூன்றையும் தட்டில் கலக்காமல், ஈரக் கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவையே சந்திக்க விடுங்கள்.

இன்னும் மங்கலாக இருந்தால் சிவப்பைத் தொடாதீர்கள், அயலைப் பாருங்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. பாரிஸ் கோபெலன் நெசவுச்சாலையில் சாயப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த வேதியியலாளர் மிஷேல் செவ்ரெலிடம் ஒரு முறைப்பாடு வந்தது: நீலம், ஊதாத் துணிகளில் நிழலுக்குப் போடும் கறுப்பு நூல் சோர்ந்துபோய்த் தெரிகிறது, சாயம் சரியில்லை. அவர் சாயத்தைச் சோதித்தார், பிழை இல்லை. பக்கத்திலிருந்த நீலமும் ஊதாவுமே கறுப்பைச் சோர வைத்தன. அதைத் தொடர்ந்து ஆராய்ந்து நிற முரண் பற்றிய நூலை 1839இல் வெளியிட்டார். செவ்வரத்தைக்கும் அதுதான் வைத்தியம். பின்னணியில் செம்மஞ்சள் சுவர் இருந்தால் பூ தூங்கும். நீலம் கலந்த சாம்பல் பச்சை ஒரு பூச்சு பின்னால் போட்டுப் பாருங்கள், பூவில் கை வைக்காமலே அது எழும்பி நிற்கும்.

அறிகுறி: எல்லா இதழும் வெட்டி ஒட்டியது மாதிரி

ஓரங்கள் எல்லாம் கூராக இருக்கின்றன. பூவைக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். எந்த ஓரம் மறைகிறதோ அந்த இடத்தில் சுத்தத் தண்ணீர்த் தூரிகையால் ஒரு தடவை தொட்டு நிறத்தைப் பின்னணிக்குள் ஓடவிடுங்கள். ஒரு பூவுக்கு இரண்டு இடம் போதும். பழகிய கைக்கு இதுதான் கஷ்டம், ஏனென்றால் கோட்டுக்கு வெளியே நிறம் போனால் பள்ளிக்கூடத்தில் அடி விழுந்தது.

அறிகுறி: வெள்ளைப் பூ தெரியவில்லை

நந்தியாவட்டையை வெள்ளைக் கடதாசியில் வரைவதென்றால் பூவை விட்டுவிட்டு அதன் பின்னாலிருக்கும் இலையை வரைய வேண்டும். கடதாசியே இதழ். நிழலுக்குக் கறுப்பில் தண்ணீர் கலந்தால் அழுக்குச் சீலை மாதிரி வரும். உண்மையில் வெள்ளை இதழின் நிழலில் மேலே வானத்தின் நீலம், கீழே இலையின் பச்சை, மடிப்புக்குள் கொஞ்சம் மஞ்சள். மிக இளந்தேத்தண்ணிப் பதத்தில் இவை மூன்றையும் தொட்டு வைத்தால் வெள்ளை தானாக வெளிக்கும்.

அறிகுறி: இலைப் பச்சை கத்துகிறது

பூவுக்குப் பாவித்த சிவப்பில் ஒரு துளி பச்சைக்குள் விடுங்கள். அடங்கிவிடும்.

அறிகுறி: பார்ப்பவர்கள் "இது என்ன பூ?" என்கிறார்கள்

கோடில்லாமல் வரைவதென்றால் அடையாளமே இல்லாமல் வரைவது என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு பூவுக்கும் ஒரு பொட்டு அடையாளம் உண்டு. அதை மட்டும் கூராக வைத்துவிட்டு மிச்சத்தை ஓடவிடலாம்.

செவ்வரத்தைக்கு அடையாளம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தத் தண்டு. மகரந்தத் தாள்கள் எல்லாம் ஒரு குழாயாகச் சேர்ந்து, பக்கத்தில் மஞ்சள் பொட்டுகள், நுனியில் ஐந்து சிவப்புக் குமிழ். அதைக் கடைசியில், காய்ந்த பிறகு, ஒரே இழுப்பில் வையுங்கள். அதை வைத்திருந்தால் என் மகளுக்குத் தக்காளிச் சந்தேகமே வந்திராது. போகன்வில்லாவில் நாம் பூ என்று பார்ப்பது பூவே இல்லை, நிறமேறிய இலைகள். உண்மையான பூ உள்ளே இருக்கும் வெள்ளைக் குழாய்கள், மூன்று மூன்றாக. மஜெந்தாப் பரப்பில் அந்த இடங்களை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டால் யாரும் பெயர் கேட்க மாட்டார்கள். கார்த்திகைப் பூவுக்கு மேல்நோக்கி வளைந்து நெளியும் ஆறு இதழும் போதும். அது பச்சையில் தொடங்கி மஞ்சளாகி நுனியிலிருந்து சிவப்பாக ஏறுவது, ஈரத்தில் நிறம் விடுவதற்கென்றே படைத்தது போல.

பெரியவர்களிடம் காட்டுவதென்றால் இன்னொரு ஆலோசனை: ஆறடி தள்ளி வைத்துக் காட்டுங்கள். கையில் கொடுத்தால் மூக்குக்கு முன்னால் பிடித்து "நரம்பு எங்கே பிள்ளை?" என்பார்கள்.

அறிகுறி: வரைந்து முடிய முதல் பூ மாறிவிடுகிறது

செவ்வரத்தைக்கு ஒரு நாள்தான் ஆயுள். பூவரசு காலையில் மஞ்சள், பின்னேரம் செம்மஞ்சளும் ஊதாவும் கலந்த நிறம். ஒரே பூவைக் காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று துண்டில் வரைந்து பார்த்தால் நிறத்தைப் பற்றி எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் கிடைக்கும். கோயிலுக்கென்று பறித்த பூவைக் கேட்டு ஏச்சு வாங்காதீர்கள்; மொட்டை வேலியிலேயே விட்டுக் கதிரையை அங்கே கொண்டுபோங்கள்.

ஒரு எச்சரிக்கை. கார்த்திகைப் பூச் செடியில் கொல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது, அலரியின் பாலும் நஞ்சு. வெட்டிய கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். தூரிகை நுனியை நாக்கில் வைத்துக் கூராக்கும் பள்ளிக்கூடப் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அறிகுறி: சட்டம் போட்டு மாட்டிய படம் சில மாதத்தில் வெளிறியது

நிறம் வெயிலுக்கு நிற்காதது. அலிசாரின் கிறிம்சன், குறியீடு பிஆர் 83, பெயர்போன ஓடிப்போகிற நிறம். கண்ணைப் பறிக்கும் ஒளிரும் இளஞ்சிவப்புகளும் அப்படியே. சந்தேகமான நிறங்களை ஒரு நீளத் துண்டில் வரிசையாகப் பூசி, பாதியைத் தடித்த மட்டையால் மூடி, வெயில் விழும் யன்னலில் இரண்டு மாதம் ஒட்டி வையுங்கள். மட்டையை எடுத்தால் இரண்டு பாதிக்கும் வித்தியாசம் தெரியும். அந்தத் துண்டுகளுக்குப் புதுக் கடதாசி வெட்ட வேண்டாம். முதல் அறிகுறியில் சொன்ன நான்கில் பழுதான மூன்று இருக்குமே, அவற்றின் முதுகுப் பக்கம் போதும். என் யன்னலில் இப்போது ஒட்டியிருப்பது அந்தத் தக்காளியின் முதுகு.